சக மேஜிக் கலைஞரை ஏமாற்றினால் சபை அசருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை நாங்கள் பதினைந்து இருபது பேர் ஒரு வாடகை ஹாலில் கூடுவோம். பிறந்தநாள் வீடுகளுக்கு நிகழ்ச்சி செய்பவர், பள்ளி ஆண்டு விழாக்களுக்குப் போகிறவர், அலுவலகம் முடிந்து ஆசைக்குச் சீட்டு வித்தை பழகுகிறவர் என எல்லாரும் உண்டு. கூட்டம் கலைந்து டீக்கடையில் நிற்கும்போது இளையவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: "அண்ணே, நம்ம ஆளுங்களையே ஏமாத்திட்டா, ஜனங்க முன்னாடி இன்னும் பிரமாதமா இருக்குமில்ல?" இதற்கு நான் சொல்லும் பதில் வருடத்துக்கு வருடம் மாறி வந்திருக்கிறது. இப்போது என்ன நினைக்கிறேனோ அதை எழுதி வைக்கிறேன். எந்த ஐட்டத்தின், அதாவது எந்த வித்தையின், சூட்சுமத்தையும் இங்கே உடைக்கவில்லை. பொதுமக்களும் தாராளமாகப் படிக்கலாம்.

நேரடியாகச் சொல்லுங்கள்: சக கலைஞர்களை ஏமாற்றப் பழகினால் என் நிகழ்ச்சி மேம்படுமா?

மேம்படும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற இடத்தில் இல்லை.

சக கலைஞர் முன்னால் செய்து பழகினால் கை சுத்தமாகும். எந்தக் கோணத்தில் வெளியே தெரிகிறது, எந்த விரல் வீணாக விறைக்கிறது, எந்த வரியில் குரல் தடுமாறுகிறது என்பதெல்லாம் அம்பலமாகும். கத்திக்குச் சாணைக்கல் எப்படியோ அப்படி. ஆனால் எந்த ஐட்டத்தைச் சபைக்குக் கொண்டுபோவது என்று அந்தச் சாணைக்கல்லிடம் கேட்கக் கூடாது.

நான் கேட்டிருக்கிறேன். நம் கூட்டத்தில் அத்தனை பேரையும் திணறடித்த ஒரு சீட்டு ஐட்டம் என்னிடம் இருந்தது. நீங்களே கலையுங்கள், நீங்களே வெட்டுங்கள், மனதில் ஒரு எண் நினையுங்கள், அத்தனை சீட்டை எண்ணி வையுங்கள், மறுபடி கலையுங்கள் என்று ஒவ்வொரு படியும் ஒரு சந்தேகத்தை அடைப்பதற்காகவே சேர்த்தது. அதை ஒரு திருமண வரவேற்பில், தாம்பூலப் பையோடு நின்ற ஒரு அம்மாவுக்குச் செய்தேன். கடைசியில் அவர் சீட்டைத் தூக்கிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "நான் எடுத்தது இஸ்பேடா கிளாவரா, மறந்தே போச்சு தம்பி" என்றார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவருக்கு இல்லாத ஆறு சந்தேகங்களுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் தான் பார்த்த சீட்டே அவருக்கு நழுவிவிட்டது.

ஆனால் ஹூடினியை ஏமாற்றித்தானே டை வெர்னன் புகழ் பெற்றார்?

ஆமாம். அந்தக் கதையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

1922 பிப்ரவரி, சிகாகோவின் கிரேட் நார்தர்ன் ஹோட்டல். அன்று உலகப் புகழ் பெற்றிருந்த மேஜிக் கலைஞர் ஹூடினியைக் கௌரவிக்கும் விருந்து. எந்த ஐட்டத்தையும் அடுத்தடுத்து மூன்று முறை பார்த்துவிட்டால் எப்படி என்று சொல்லிவிடுவேன் என்பது ஹூடினி ஊரெல்லாம் சொல்லிவந்த சவால். கனடாவில் பிறந்த சீட்டுக் கலைஞர் வெர்னனுக்கு அப்போது 27 வயது. ஒரு சீட்டை எடுக்கச் சொல்லி, அதன்மேல் ஹூடினியையே முதலெழுத்துகளைப் போடச் சொன்னார். அந்தச் சீட்டைக் கட்டின் மேலிருந்து இரண்டாவதாக வைத்தார். மேல் சீட்டைப் புரட்டினால் ஹூடினியின் கையெழுத்து. மறுபடி செய் என்றார் ஹூடினி. மறுபடியும் அதே. மூன்று முறை தாண்டி, ஏழெட்டு முறை போயிற்று. ஹூடினியால் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு 70 ஆண்டுகள், 1992இல் இறக்கும்வரை, வெர்னன் "ஹூடினியை ஏமாற்றிய மனிதர்" என்றே அறியப்பட்டார்.

இதில் நம் ஆட்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அந்த ஐட்டத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: உள்ளே வைத்த சீட்டு மேலே வந்துவிடுகிறது. இன்று நம் கூட்டத்தில் சேர்ந்து ஒரு மாதம் ஆன பையனுக்குக்கூட அதன் வழி தெரியும். எந்த மேஜிக் கலைஞரும் அதில் ஏமாறுவதில்லை. ஆனால் கல்யாண வீட்டில், ரயிலில், கல்லூரி கேன்டீனில் அது இன்றைக்கும் ஜனங்களைத் துள்ள வைக்கிறது. கலைஞரை ஏமாற்றும் சக்திதான் அதன் உயிர் என்றால், நூறு வருடத்துக்கு முன்பே அது செத்திருக்க வேண்டும்.

கலைஞர் ஏமாறுவதற்கும் பொதுஜனம் ஏமாறுவதற்கும் அப்படியென்ன வித்தியாசம்?

நம் ஆள் தலைக்குள் ஒரு பட்டியலோடு உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் ஒரு சீட்டை எடுக்கச் சொன்னதுமே அவர் மனதில் பத்து வழிகள் ஓடும். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார். பத்தும் அடிபட்டால் ஏமாந்தார். அந்தப் பட்டியலில் இல்லாத பதினோராவது வழி ஒன்று கையில் இருந்தால் போதும், ஐட்டம் சுமாராக இருந்தாலும் அவரை மடக்கிவிடலாம்.

பொதுஜனத்திடம் பட்டியல் கிடையாது. அவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார். நான் வெறுமனே சொல்லவில்லை. குஸ்தவ் கூன், மைக்கேல் லாண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. கலைஞர் ஒரு பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடிக்கிறார். மூன்றாம் முறை எறிவதுபோல் கையை மட்டும் அசைக்கிறார். பந்து கைக்குள்ளேயே இருக்கிறது. அவர் கண்ணும் முகமும் பந்தைத் தொடர்வதுபோல மேலே போனபோது, பார்த்தவர்களில் 68 சதவீதம் பேர் பந்து மேலே போய் மறைந்ததாகச் சொன்னார்கள். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தபோது அப்படிச் சொன்னவர்கள் 32 சதவீதம்தான். கையசைவு இரண்டிலும் ஒன்றே. பார்வையாளர்களின் கண் அசைவையும் பதிவு செய்திருந்தார்கள்: பந்து போனதாகச் சொன்ன பலரின் கண் அந்த உயரத்துக்குப் போகவே இல்லை, கலைஞரின் முகத்தில்தான் இருந்தது.

இதை நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புச் சிறுமியின் உள்ளங்கையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மூடச் சொன்னேன். "இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டேன். அவள் திறந்து பார்க்கவில்லை. மூடிய கையைக் காதோரம் கொண்டுபோய்க் குலுக்கிக் கேட்டாள். சத்தம் வரவில்லை. அப்போது அவள் முகத்தில் வந்ததைப் பார்த்து முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். அதே ஐட்டத்தை அடுத்த வாரம் நம் கூட்டத்தில் செய்தேன். "இடது கட்டைவிரல் கொஞ்சம் முந்துது, பாத்துக்கோங்க" என்றார் ஒரு நண்பர். அவர் சொன்னதும் உண்மை, திருத்திக்கொண்டேன். ஆனால் அந்த ஐட்டம் யாருக்காக என்றால், காதோரம் குலுக்கிய அந்தப் பிள்ளைக்காக.

"ஃபூல் அஸ்" நிகழ்ச்சியில் ஏமாற்றியவர்கள்தானே பெரிய ஆளாகிறார்கள்?

தெரியாதவர்களுக்கு: பென் ஜில்லெட், டெல்லர் என்ற அமெரிக்க மேஜிக் ஜோடி முன்னால் மற்றக் கலைஞர்கள் வந்து ஐட்டம் செய்வார்கள். வழியைக் கண்டுபிடிக்க முடியாமல் அந்த இருவரும் திணறினால், வந்தவருக்குக் கோப்பையும், லாஸ் வேகாஸில் அவர்கள் நிகழ்ச்சியில் ஒரு வாய்ப்பும் கிடைக்கும். 2011இல் பிரிட்டனின் ஐடிவியில் தொடங்கியது. பிறகு அமெரிக்க சிடபிள்யூ சேனலுக்குப் போனது.

அதில் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஷின் லிம் அங்கே இருவரையும் ஏமாற்றினார். அதே 2015இல் இத்தாலியின் ரிமினியில் நடந்த ஃபிஸ்ம் உலகப் போட்டியில் சீட்டுப் பிரிவில் முதல் பரிசு. 2018இல் "அமெரிக்காஸ் காட் டேலன்ட்" பட்டம். நிபுணரும் மயங்கினார், ஜனமும் மயங்கியது. ஆனால் ஜனம் பார்த்தது என்ன? ஒரு வார்த்தை பேசாத இளைஞர், இசை, வாயிலிருந்து வரும் புகை, ஒரு சீட்டு கண்ணெதிரே இன்னொன்றாக மாறும் கணம். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் புரிகிற ஐட்டம் அது.

இன்னொருவர் பிஃப். பச்சை டிராகன் உடையில், ஒரு சிவாவா நாய்க்குட்டியோடு, எதிலும் ஆர்வமில்லாத முகத்தோடு வருவார். முதல் வருடத்திலேயே வந்தார். பென்னையும் டெல்லரையும் அவரால் ஏமாற்ற முடியவில்லை. ஆனால் பார்த்தவர்கள் அவரை மறக்கவில்லை. பிறகு லாஸ் வேகாஸிலேயே சொந்தமாக நிரந்தர நிகழ்ச்சி நடத்தும் அளவுக்கு வளர்ந்தார். ஏமாற்றிக் கோப்பை வாங்கிப் போன எத்தனையோ பேரின் பெயர் நமக்கே ஞாபகம் இல்லை.

அந்த நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்த இடம் வேறு. வழியைக் கண்டுபிடித்துவிட்டால் பென் அதை நேராகச் சொல்ல மாட்டார். தொழிலில் இருப்பவருக்கு மட்டும் புரியும் பழைய பெயர்களையும் பரிபாஷையையும் பேச்சில் நுழைத்து, சுற்றி வளைத்துச் சொல்வார். எதிரே நிற்பவர் முகம் மாறும், தலையசைப்பார். அரங்கில் இருக்கும் மற்றவர்களுக்கு ஒன்றும் உடைந்திருக்காது. ஒரே மேடையில் இரண்டு சபை இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சக கலைஞர்களைக் கவராத ஐட்டம் ஜனங்களிடம் ஜெயித்த உதாரணம் உண்டா?

பெட்டியில் படுத்த பெண்ணை ரம்பத்தால் அறுப்பது. பி.டி. செல்பிட் 1921 ஜனவரியில் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் எம்பயர் அரங்கில் பொதுமக்களுக்கு அதைக் காட்டினார். அரங்கத்துக்கு வெளியே சிவப்புத் தண்ணீரை வாளி வாளியாகத் தெருவில் கொட்ட வைத்தார். அதே வருடம் நியூயார்க்கில் ஹோரஸ் கோல்டின் தன் வடிவத்தை அமெரிக்க மேஜிக் கலைஞர் சங்கத்தின் விருந்தில் செய்து காட்டினார். பார்த்தவர்கள் எல்லாம் தொழில்காரர்கள். வரவேற்பு சுமார்தான். கோல்டின் அதைச் செப்பனிட்டுப் பொது அரங்குகளுக்குக் கொண்டுபோனார், வாசலில் ஆம்புலன்ஸை நிறுத்தினார், டிக்கெட் பறந்தது. அந்த விருந்தின் கைதட்டலை மட்டும் நம்பியிருந்தால் அதைப் பரணில் தூக்கிப் போட்டிருப்பார்.

நம் நாட்டு உதாரணம் இன்னும் பெரியது. 1956 ஏப்ரல் 9 அன்று பி.சி. சர்க்கார் பிபிசியின் "பனோரமா"வில் தீப்தி தே என்ற 17 வயதுப் பெண்ணை மேசையில் படுக்கவைத்து, சுழலும் வட்ட ரம்பத்தால் அறுத்தார். அறுத்த இடத்தில் ஒரு தகட்டைச் செருகிக் காட்டினார். பெண்ணின் கையைத் தேய்த்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. சர்க்கார் தலையை ஆட்டினார், அவள் முகத்தை மூடினார். நிகழ்ச்சித் தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கேமரா முன்னால் வந்து இன்றைய நிகழ்ச்சி முடிந்தது என்றார். பெண் செத்துப்போனாள் என்று நினைத்து ஜனங்கள் போன் செய்ததில் பிபிசியின் இணைப்பகம் திணறிப்போனது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான்.

வட்ட ரம்ப ஐட்டம் அப்போது தொழில்காரர்களுக்குப் புதிது கிடையாது. லண்டன் கலைஞர் யாரும் வழி தெரியாமல் முழித்திருக்க மாட்டார். சர்க்கார் கையாண்டது நேரத்தை. தொலைக்காட்சி நேரலை எந்த நொடியில் முடியும் என்பது அவருக்குத் தெரியும். பெண் எழுந்து புன்னகைக்கும் அந்த ஒரு கணத்தை வீட்டில் இருந்தவர்களிடமிருந்து எடுத்துவிட்டார். அந்த முடிவுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! லண்டனில் அவருடைய நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்கவேண்டிய வாரம் அது. எந்தக் கலைஞர் கூட்டத்திலும் உட்கார்ந்து இப்படி ஒரு யோசனையைக் கற்றுக்கொள்ள முடியாது.

லெனார்ட் கிரீனை நடுவர்களே நம்ப மறுத்தார்களாமே?

ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் அவர். சீட்டைக் கையாள்வது பார்க்கக் கையாலாகாதவர் மாதிரி இருக்கும்: கட்டு சரியும், மேசையில் சிதறும், குவித்து அள்ளுவார். ஆனால் கேட்ட சீட்டு வந்துகொண்டே இருக்கும். 1988இல் ஹேக் நகரில் நடந்த ஃபிஸ்ம் போட்டியில் நடுவர்கள், சீட்டைக் கலைத்துக் கொடுத்தவர் அவருடைய ஆள்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பரிசு போயிற்று. 1991இல் லோசானில் மறுபடி வந்தார். இந்த முறை நடுவரிடமே கட்டைக் கொடுத்துக் கலைக்கச் சொன்னார். சீட்டுப் பிரிவில் முதல் பரிசு அவருக்குத்தான்.

சபை தன்னால் விளக்க முடியாததைப் பார்த்தால், கையில் கிடைக்கும் முதல் விளக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். "அந்தாளு செட்டப்பு" என்பது எந்த ஊரிலும் முதலில் வரும் விளக்கம். ரிக் ஜான்சன் என்ற அமெரிக்கர் 1970களின் தொடக்கத்தில் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்: ஐட்டம் அளவுக்கு மீறிக் கச்சிதமாக இருந்தால் அதுவே ஜனத்தைச் சரியான வழிக்கோ, உங்கள் பெருமையைக் கெடுக்கும் வழிக்கோ தள்ளிவிடும். கலைஞரை ஏமாற்றவென்று எல்லாக் கதவையும் அடைத்துக்கொண்டே போனால் வந்து நிற்கும் இடம் இதுதான். ஸ்பெயினின் ஹுவான் தமாரிஸ் சொல்லும் முறை எனக்கு ஒத்துவருகிறது: சபை எந்தெந்தப் பொய் விளக்கங்களை யோசிக்கும் என்று முன்கூட்டியே எண்ணி, அவற்றை ஒவ்வொன்றாக, உறுத்தாமல் அடைக்க வேண்டும். யாருடைய விளக்கம் என்பதுதான் முக்கியம். சக கலைஞருடையதை அடைத்தால் பொதுஜனத்துடையது திறந்தே கிடக்கும்.

"கலைஞர்களின் கலைஞர்" என்ற பெயர் எடுத்தால் போதாதா?

போதும், அதுவே உங்கள் ஆசை என்றால். எட் மார்லோவை யாரும் குறைத்துப் பேச முடியாது. சிகாகோவில் பகலில் இயந்திரப் பட்டறையில் வேலை, மற்ற நேரமெல்லாம் சீட்டு. சீட்டுக் கலையில் அவர் கண்டுபிடித்து எழுதியவை கணக்கில் அடங்காது. பொதுமக்கள் முன்னால் அவர் அதிகம் நின்றதில்லை. அவர் கண்டதை எடுத்துக்கொண்டு நின்றவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

அதே சிகாகோவில் மாட் ஷூலியன் என்று ஒரு உணவக உரிமையாளர். கனத்த உடம்பு, பெரிய சிரிப்பு. சாப்பிட வந்தவரைச் சீட்டு எடுக்கச் சொல்லி, கட்டை அப்படியே சுவரில் வீசுவார். மற்றதெல்லாம் கீழே கொட்டும், அவர் எடுத்த சீட்டு மட்டும் சுவரில் குத்தி நிற்கும். வழி என்னவென்று கலைஞர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சுவரைக் காட்டி வீட்டில் கதை சொல்லாத வாடிக்கையாளர் இருந்திருப்பாரா?

இருவரும் வேண்டும். எந்த நாளில் நீங்கள் யார் என்பதில் மட்டும் குழப்பம் வரக் கூடாது.

இப்போது யூடியூபில் எல்லாம் வந்துவிட்டதே. பொதுஜனமே பாதி மேஜிக் கலைஞர் ஆகிவிட்டாரே?

இது நியாயமான கேள்வி. பத்து வருடத்துக்கு முன்னால் நான் இதற்குக் காது கொடுத்திருக்க மாட்டேன். இன்று ஆண்டு விழாவில் கைக்குட்டை மறைந்ததும் எட்டாம் வகுப்புப் பையன் சாமானின் பெயரைச் சொல்லியே கத்துகிறான். அவனையும் கணக்கில் எடுத்துத்தான் ஐட்டத்தை அமைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் கலைஞர் முன்னால் பழகுவது நேரடியாகவே உதவும். அந்தப் பையனின் பட்டியல் நம் பட்டியலின் முதல் பக்கம், அவ்வளவுதான்.

ஆனால் அவனை மடக்குவதற்காக மற்ற முந்நூறு பேரை விட்டுவிடாதீர்கள். நான் செய்வது: அவன் கத்திய பெயரை மறுக்காமல், "மேடைக்கு வாப்பா" என்று அழைத்து அடுத்த ஐட்டத்தில் அவன் கையிலேயே பொருளைக் கொடுத்துவிடுகிறேன். கையில் வைத்திருப்பவனுக்கு அது நடக்கும்போது அவனுக்குத் தெரிந்த பெயர் எதுவும் உதவாது. இறங்கிப் போகும்போது அவன்தான் சபையில் எனக்கு முதல் ரசிகன்.

வழி தெரிந்துவிட்டால் ரசனை போய்விடும் என்பது உண்மையா?

ரோமானியத் தத்துவஞானி செனகா ஒரு கடிதத்தில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். வித்தைக்காரரின் கிண்ணமும் கூழாங்கல்லும் எனக்குப் பிடிப்பது ஏமாற்றப்படுவதால்தான். எப்படி என்று தெரிந்துவிட்டால் ஆர்வம் போய்விடும் என்றார். அவர் பார்த்ததும் நம் தெருக்களில் பார்த்ததும் ஒரே வித்தை. நம் மொழி கண்கட்டுக்கெல்லாம் பொதுப்பெயராக வைத்திருப்பதே செப்படி வித்தை என்பதுதான்: செப்பின் அடியில் நடப்பது.

பென்னும் டெல்லரும் அதே செப்படி வித்தையைக் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் கோப்பைகளை வைத்துச் செய்தார்கள். உள்ளே போவதும் வருவதும் எல்லாம் வெளியே தெரிகிறது. ஆனாலும் கண் பின்தொடர முடியாமல் தோற்கிறது, சபை ஆரவாரிக்கிறது. டெல்லர் தனியாகச் செய்யும் சிவப்புப் பந்து இன்னும் ஒரு படி மேலே. அவர் சொன்னதையெல்லாம் செல்லப் பிராணி மாதிரி கேட்டு உருளும் பந்து அது. ஐட்டம் தொடங்கும் முன்பே பென் வந்து, இது வெறும் நூலால் செய்யப்படுகிறது என்று சொல்லிவிட்டுப் போவார். அதன்பிறகும் பார்ப்பவர்களுக்கு நூல் ஞாபகம் வருவதில்லை, பந்தின் மனசுதான் தெரிகிறது. இதைப் பழக டெல்லர் நீண்ட காலம் உழைத்தார்.

டோனி ஸ்லைடினி காகித உருண்டைகளை மறைப்பதைப் பாருங்கள். மேடையில் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மட்டும் உருண்டை மாயமாகிறது. அது எங்கே போகிறது என்று சபை முழுவதும் வெளிப்படையாகப் பார்க்கிறது, வயிறு குலுங்கச் சிரிக்கிறது. ஏமாந்தவர் ஒரே ஒருவர். நிகழ்ச்சி ஆயிரம் பேருக்கு.

கலைஞர் கூட்டத்தை அப்படியானால் எப்படிப் பயன்படுத்துவது?

ஐட்டத்தை அங்கே முதலில் காட்டாதீர்கள். முதலில் வீட்டில், எதிர் வீட்டில், மளிகைக் கடையில் ஐந்தாறு பேரிடம் செய்யுங்கள். மறுநாள் அவர்களையே போய்ப் பார்த்து, "நேத்து என்ன பண்ணினேன்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் கதைதான் உங்கள் ஐட்டம். ஒரு வரியில் சொன்னால் நல்லது. "என்னமோ சீட்டெல்லாம் எண்ண வெச்சீங்க" என்றால் வெட்ட வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

அதன்பிறகு கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். "கண்டுபிடிங்க" என்று சவால் விடாதீர்கள். "எந்த இடத்துல உங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு?" என்று கேளுங்கள். முதல் வகைக் கேள்விக்கு நண்பர்கள் தங்கள் புத்திசாலித்தனத்தைக் காட்டுவார்கள். இரண்டாவதற்கு உங்களுக்கு உதவுவார்கள். அவர்கள் சொன்ன இடங்களில், பொதுஜனமும் உணரக்கூடியது எது என்று பிரித்து அதை மட்டும் திருத்துங்கள். எனக்குப் பெரும்பாலும் பத்தில் இரண்டு மூன்றுதான் தேறும்.

ஜானி தாம்சன் என்ற மூத்தவர் 2019இல் மறைந்தார். "ஃபூல் அஸ்" நிகழ்ச்சியில் திரைக்குப் பின்னால் எல்லா ஐட்டங்களின் வழியையும் சரிபார்த்த ஆலோசகர்களில் அவர் ஒருவர். தொழில் முழுக்க மரியாதை கொடுத்த அறிவு. ஆனால் மனைவி பாமோடு மேடை ஏறும்போது அவர் "கிரேட் டாம்சோனி". பந்தாவான கோட்டு, கோட்டில் புறாவின் எச்சம், பக்கத்தில் சூயிங்கம் மென்றுகொண்டு எதையும் கண்டுகொள்ளாத உதவியாளராக மனைவி. தனக்குத் தெரிந்ததையெல்லாம் சபைமேல் கொட்டவில்லை அந்த மனிதர். அவரைத்தான் நான் இளையவர்களுக்கு எப்போதும் காட்டுவேன்.

கூட்டத்தில் நானே ஏமாந்துபோனால்?

அன்றைக்கு அதிர்ஷ்டசாலி நீங்கள்தான். என் இத்தனை வருட அனுபவத்தில் சக கலைஞரை ஏமாற்றியதில் கற்றதைவிட, ஏமாந்ததில் கற்றதுதான் அதிகம்.

எங்கள் கூட்டத்துக்கு எப்போதாவது வரும் ஒரு பெரியவர் ஒருநாள் என் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் சொந்தக் கட்டை வாங்கி, எதையோ பேசிக்கொண்டே ஒரு சீட்டை என் சட்டைப் பையிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்தேன். நான் நினைத்த சீட்டு. இன்றுவரை வழி தெரியாது. அந்த நொடியில் என் பட்டியல், பயிற்சி எதுவும் இல்லை. வயிற்றுக்குள் ஏதோ நழுவி, பின்னாலேயே சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில் வித்தைக்காரர் வந்த நாளில் எட்டு வயதில் வந்த அதே சிரிப்பு. காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறவர் எதற்காக வருகிறார் என்று அன்றைக்குத்தான் மறுபடி தெரிந்தது. அடுத்த வாரமே என் நிகழ்ச்சியில் இரண்டு ஐட்டங்களை எடுத்துவிட்டேன். கெட்டிக்காரத்தனமான ஐட்டங்கள்தான், ஆனால் யாருக்கும் அந்தச் சிரிப்பைக் கொடுத்ததில்லை.

வழி கேட்டு நச்சரிக்காதீர்கள். "இன்னொரு தடவை" என்றும் கேட்காதீர்கள். நன்றி சொல்லி, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த உணர்வை வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிகளில் கலந்துகொள்ளலாமா?

கலந்துகொள்ளுங்கள். நாள் குறித்துவிட்டால் பயிற்சி தானாக வரும். பரிசு வாங்கிய ஐட்டத்தை அப்படியே பிறந்தநாள் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருந்தால் சரி.

அடுத்த கூட்டத்துக்கு நான் என்ன கொண்டுவரட்டும், அண்ணே?

போன வாரம் உன் அத்தை வீட்டில் செய்து, சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து பார்த்தார்கள் என்று சொன்னாயே, அந்தக் கயிறு ஐட்டத்தைக் கொண்டுவா. அதன் வழி எங்கள் எல்லாருக்கும் தெரியும். அத்தைக்கு என்ன சொல்லிச் செய்தாயோ, அதே வார்த்தைகளில் எங்களுக்கும் செய்.